முனியாண்டி வளைவில் அடித்த ஹாரன்

ஒருநாள் மதியம் பெருமழை பிடித்துக்கொண்டதில் லோரிகள் எதுவும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று என் காரை எடைமேடையில் ஏற்றி நிறுத்திப் பார்த்தேன். திரையில் எண்கள் இப்படியும் அப்படியும் ஆடி, அறுநூற்றுத் தொண்ணூறு கிலோவில் நின்றன. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளைக் குவித்துக்கொண்டு வரும் லோரிகள் இருபது டன் காட்டும் மேடை அது. மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு லோரிக்காரர் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கிராணி, நம்ம லோரி டயர் ஆறேழு கழட்டி அடுக்குனா உங்க காடி வந்துரும் போலயே."

நானும் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

சிரம்பான் நகரத்துக்குப் பக்கத்தில் மம்பாவில் வீடு. அங்கிருந்து பதினைந்து நிமிட தூரத்தில் உள்ள தோட்டத்தில் எடைக் கணக்கர் வேலை. கிராணி என்ற பழைய சொல்லை இப்போது அலுவலகத்தில் யாரும் எழுதுவதில்லை. ஆனால் லோரிக்காரர்கள் விடவில்லை. என் சன்னலுக்கு முன்னால் வந்து நிற்கும்போது அவர்கள் எல்லோரும் சாதுவானவர்கள். இன்ஜினை அணைப்பார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள், சீட்டை இரண்டு கையாலும் வாங்குவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து சாலைக்கு வந்தால் அதே ஆட்கள்தான் என் காருக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்பார்கள். நான்தான் உள்ளே இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்வார்களோ, அது எனக்குத் தெரியாது.

சின்னக் காரில் இருப்பவனுக்கு உலகம் வேறு உயரத்தில் தெரியும். பக்கத்தில் லோரி வந்து நின்றால் அதன் சக்கரத்துத் திருகாணிகள் என் கண்ணுக்கு நேராக இருக்கும். பட்டப்பகலில் காருக்குள் திடீரென்று பொழுது சாய்ந்துவிடும். லோரி நகர்ந்ததும் மறுபடி வெளிச்சம் வரும். தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு, மேலே படகுகள் போவதைப் பார்ப்பது போல இருக்கும். இத்தனை வருடங்களில் நான் பழகிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இடப்பக்கச் சிக்னல் போட்டு, ஓரம் ஒதுங்கி, "போங்க, போங்க" என்று வாய்க்குள் சொல்லிவிடுவது. என் மகள் பின் இருக்கையில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை. நான்கு வயதில் சோற்றுத் தட்டைப் பிடித்துத் திருப்பி கார் ஓட்டி விளையாடும்போதும், யாருமே இல்லாத வீட்டுக் கூடத்தில், "போங்க, போங்க" என்றுதான் சொல்வாள்.

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். ஈரத் துணியைப் பார்த்தாலே இவருக்குச் சளி பிடித்துவிடும் என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்வாள். மகள் கார் உரிமம் எடுத்த அன்று எல்லோரும் கோழிக்கறி சாப்பிட்டோம். எனக்கு மட்டும் இறங்கவில்லை.

அவள் மருத்துவப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குப் படித்திருந்தாள். படிப்பின் கடைசிப் பகுதி, ஆறு மாதப் பயிற்சி. மலைக்கு அந்தப் பக்கம், கோலா பிலா மருத்துவமனையில் இடம் கிடைத்தது. காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மம்பாவிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பேருந்து கிடையாது. நான் கொண்டுபோய் விடலாமென்றால் என் எடைமேடையும் ஏழு மணிக்குத் திறக்கும், அதுவும் எதிர்த் திசையில். அதனால் காரை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் பழைய மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவது என்று முடிவாயிற்று. இந்த முறை சேராவிட்டால் அடுத்த இடத்துக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவும் கிடைத்தால். திங்கட்கிழமை அவள் தனியாக ஓட்டிப் போக வேண்டும். அதற்கு முன்பு சனிக்கிழமை ஒருமுறை நானும் கூட உட்கார்ந்து போய்வருவோம் என்று சொன்னேன். அந்த யோசனை என்னுடையது.

அன்று மதியம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரசா தாண்டி, சிரம்பானுக்குள் நுழைந்து வெளியே வந்து, பாரோய் கடந்ததும் கட்டடங்கள் விலகி மலை தெரிந்தது. காரின் பின்கண்ணாடியில் சிவப்பில் வெள்ளையாக 'பி' ஒட்டியிருந்தது. புதிதாக ஓட்டுகிறவர் என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்கு. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அதற்குப் பொருள் என நான் நம்பியிருந்தேன்.

நன்றாகத்தான் ஓட்டினாள். இரண்டு கையும் ஸ்டேரிங்கில், முதுகு இருக்கையில் படாமல். புக்கிட் பூத்துஸ் மலைமேல் போகும் பழைய சாலையில் ஏறச் சொன்னேன். புதுச் சாலை ஏதாவது காரணத்தால் அடைபட்டால் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டுமே. மரங்களிலிருந்து பனி இறங்கிச் சாலைக்குக் குறுக்கே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஈரமான தார் ஆற்றைப் போல வளைந்து வளைந்து வந்தது. கண்ணாடித் துடைப்பான் ஒரு தாளத்தில் ஆடியது. நான் பாதித் தூக்கத்தில் இருப்பவனைப் போல ஆகிவிட்டேன். பயந்தவனுக்கு அபூர்வமாக வரும் நிம்மதி அது. இவள் ஓட்டிவிடுவாள், ஒன்றும் ஆகாது என்று முதன்முறையாக நினைத்தேன். அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் இரண்டு விளக்குகள் தெரிந்தன.

முதலில் சின்னதாக, பனிக்குள் இரண்டு பொட்டு போல. அடுத்த வளைவில் பெரியதாக. அதற்கடுத்த வளைவில் கண்ணாடி முழுக்க விளக்குதான். கறுப்பு நிற பிக்கப். எங்கள் காரை அப்படியே தூக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளும் அளவு உயரம். விளக்கைச் சிமிட்டிக்கொண்டே ஒட்டி வந்தது.

"என்னப்பா செய்யணும்?" என்றாள் மகள். முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

"விடு. ஓரமா ஒதுங்கிப் போகச் சொல்லு."

"எங்கப்பா ஒதுங்குறது? ஓரத்துல காவா."

உண்மைதான். சாலையோரம் கால்வாய். ஒதுங்க இடமில்லை. அவள் இடப்பக்கச் சிக்னலை மட்டும் போட்டாள். பிக்கப் அதற்காகக் காத்திருக்கவில்லை. இரட்டைக்கோடு போட்ட இடத்திலேயே உறுமிக்கொண்டு எங்களைத் தாண்டி, மூக்கை உரசுவது போல உள்ளே வந்தது. எங்கள் கார் அந்தக் காற்றில் ஒருமுறை குலுங்கியது. மகள் பிரேக்கில் கால் வைத்தாள். நான் அவள் தோளைத் தட்டினேன்.

"போகட்டும். அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

ஆனால் அது போகவில்லை. மணல் ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பிக்கப், பிக்கப்புக்குப் பின்னால் நாங்கள். மூன்று வண்டிகளும் ஒன்றையொன்று முட்டாமல் மெதுவாக அந்த வளைவுக்குள் நுழைந்தன.

அந்த வளைவில் முனியாண்டி சாமி இருக்கிறார். தகரக் கூரை, அதற்கடியில் சூலம், மஞ்சள் துணி, யாரோ வைத்துவிட்டுப் போன சுருட்டுகள். அவ்வளவுதான். ஆனால் தோட்டத்து ஆட்கள் யாரும் அங்கே சும்மா போவதில்லை. நிறுத்தி இறங்க நேரமில்லாவிட்டால் ஒரு சின்ன ஹாரன். வருகிறேன், பார்த்துக்கொள் என்று சாமிக்குச் சொல்வது. என் அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர், அவர் அடித்தார். நான் அடிக்கிறேன். அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. கண் சிமிட்டுவதைப் பற்றி யாராவது யோசிப்பார்களா?

மகளுக்கு அந்த நேரத்தில் சாமி நினைவில் இல்லை. முன்னால் இருந்த பிக்கப்பின் சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூலம் என் பக்கச் சன்னலைக் கடந்தது. இன்னும் அடிக்கவில்லையே என்று எனக்குள் ஏதோ ஒன்று பதறியது. தனியாகப் போகப்போகிற பிள்ளை, முதல் தடவை, சாமிக்குச் சொல்லாமல் போகிறதே என்று. அடுத்து நான் பார்த்தது, என் வலது கை என்னைக் கேட்காமலே குறுக்கே போய் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது.

சின்னக் காருக்கு ஹாரனும் சின்னதுதான். ஒரே ஒரு பீப்.

பிக்கப் நின்றது. வளைவின் நடுவில், சாமியைத் தாண்டிய உடனே. மணல் லோரி பனிக்குள் தன்பாட்டுக்குப் போய்விட்டது. சாலையில் எங்களைத் தவிர யாருமில்லை. பிக்கப்பின் கதவு திறந்து, முதலில் ஜப்பான் ரப்பர் செருப்புப் போட்ட ஒரு கால் இறங்கியது. பிறகு ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். நம் ஆள்தான், தமிழர். கையில் ஸ்டேரிங் லாக், அந்த நீள இரும்புக் கம்பி. அவர் நடந்து வந்ததற்கு ஐந்து விநாடி ஆகியிருக்கும். எனக்கு அது இன்னும் முடியவில்லை. இப்போதுகூடக் கண்ணை மூடினால் அந்தச் செருப்பு ஈரத் தாரில் சப்பு சப்பென்று வருகிறது.

மகளின் சன்னலைத் தட்டினார். அவள் ஏன் கண்ணாடியை இறக்கினாள் என்று தெரியவில்லை. பெரியவர்கள் தட்டினால் இறக்க வேண்டும் என்று வளர்த்திருக்கிறோம்.

"யார பாத்து ஹாரன் அடிக்கிற? ஹாங்? லைசென்ஸ் எடுத்து எத்தன நாளாச்சு?"

"சாரி அங்கிள்."

"அங்கிளா? நான் உனக்கு அங்கிளா? தகர டப்பாவ ஓட்டிக்கிட்டு ஹாரன் வேற உனக்கு. ரோட்டு என்ன உன் அப்பன் ரோட்டா?"

பிறகு குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஓ, அப்பனும் இங்கதான் இருக்கியா. இதத்தான் சொல்லிக் குடுத்தியா பிள்ளைக்கு? வாயத் தொறந்து பேசு. ஊமையா?"

சாமிக்கு அடித்தது. இரண்டே சொற்கள். சொல்லியிருந்தால் புரிந்திருக்கும், நம் ஆள்தானே. கையைக் காட்டியிருந்தால்கூடப் போதும், சூலம் என் சன்னலுக்கு வெளியே பத்தடி பின்னால்தான் இருந்தது. வாய் திறக்கவில்லை. இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவர் கையில் இருந்த கம்பியையே பார்த்தேன். பிக்கப்பின் பின் இருக்கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை முட்டிபோட்டு நின்று, கெரோபோக் வறுவல் தின்றுகொண்டே கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தது. வேடிக்கைதான் பார்த்தது, பயப்படவில்லை.

"சாரி அங்கிள். தெரியாம அடிச்சிட்டேன். இனிமே அடிக்க மாட்டேன்," என்றாள் மகள்.

அவர் காரின் முன்மூடியைக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. கதவைத் தட்டுவது போல ஒரு டொக். திரும்பி நடந்தார். ஏறினார். பிக்கப் நகர்ந்தது. நகரும்போது ஒரு ஹாரன், சின்னதாக.

அது எங்களுக்கு அடித்ததா, கோபத்தில் மறந்துபோய்ப் பிறகு நினைவு வந்து சாமிக்கு அடித்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மகள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அணைந்திருக்கவேயில்லை, அது கிறீச்சிட்டது. கொஞ்சம் மேலே போய் அகலமான இடத்தில் நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். நான் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினேன். கோலா பிலாவுக்குப் போகாமல் திரும்பிவிட்டோம். மறுபடி அந்த வளைவைக் கடந்தபோது இருவருமே சாமிப் பக்கம் திரும்பவில்லை. பாரோய் வந்ததும் அவள் சொன்னாள்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்ப்பா. நீங்க பேசாதிங்க."

வீட்டில் மனைவி வாசலில் நின்று காரைப் பார்த்த உடனே கேட்டாள், "மூடி ஏன் பள்ளமா இருக்கு?"

"ஒரு ஆளு தட்டிட்டாரும்மா. நான்தான் தெரியாம ஹாரன் அடிச்சிட்டேன். அவருக்குக் கோவம் வந்துருச்சு."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

இரவு உணவின்போது மனைவி தீர்ப்புச் சொன்னாள். சாலையில் நடக்கும் அடிதடிகளைக் கைப்பேசியில் தினமும் பார்க்கிறவள் அவள். "அனுபவம் இல்லாத பிள்ளை. எங்க ஹாரன் அடிக்கணும், எங்க அடிக்கக்கூடாதுன்னே தெரியல. திங்கக்கெழம போகவேணாம். ஆறு மாசம் போகட்டும், அடுத்த தடவ பாத்துக்கலாம்."

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

இதை எழுதுவதற்கே கூசுகிறது. அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிள்ளை போகமாட்டாள். அந்த மலையில் தனியாக ஏறமாட்டாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் போதும், அவள் பத்திரமாக வீட்டில் இருப்பாள். வளைவில் பயத்தில் பேசாமல் இருந்தேன். வீட்டில் பேசாமல் இருந்தது வசதிக்காக.

ஞாயிற்றுக்கிழமை காலை காரைக் கழுவினேன். பள்ளம் கட்டைவிரல் அளவுதான். தண்ணீர் ஊற்றினால் அதில் ஒரு சொட்டு தேங்கி நின்று வானத்தைக் காட்டியது. துடைத்தேன், மறுபடி ஊற்றினேன். மகள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. கார்ச் சாவி ஆணியில் தொங்கியது. அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போவதைக் கவனித்தேன். அவளுடைய வெள்ளை மேலங்கி இஸ்திரி போட்டு, நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. அதை யாரும் எடுத்து மடித்து வைக்கவுமில்லை.

சாயங்காலம் காய்கறி வாங்க லோபாக் பக்கம் போனோம். நான் ஓட்டினேன், மகள் பக்கத்தில், மனைவி பின்னால். விளக்குச் சந்தியில் சிவப்பு. பிறகு பச்சை. நான் கிளப்ப ஒரு நொடி தாமதமானதும் பின்னாலிருந்து ஒரு ஹாரன், நீளமாக. மகள் திடுக்கிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கினாள். கை வெறுமையாக இருப்பதைக் காட்டுவது போல.

"நான் ஒன்னும் பண்ணல," என்றாள்.

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. என்னிடமில்லை, அம்மாவிடமும் இல்லை. மிக மெதுவாக, தூக்கத்தில் பேசுவது போல. ஒரே நாளில் அவள் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். தப்பு தன்னுடையது, தன் கையுடையது என்று.

சந்தியைத் தாண்டி, பூட்டியிருந்த ஒரு கடையின் முன்னால் காரை நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன்.

"ஏன் நிறுத்துறிங்க? கடை இன்னும் தள்ளிப் போகணும்," என்றாள் மனைவி.

"நேத்து ஹாரன் அடிச்சது இவ இல்ல. நான்."

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல், ஸ்டேரிங்கைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னேன். கை குறுக்கே போனது, அவர் வந்தது, கம்பி, நான் ஊமையாக உட்கார்ந்திருந்தது, பிள்ளை மன்னிப்புக் கேட்டது.

"சாமிக்கா அடிச்சிங்க?"

"ஆமா."

"அத அந்த ஆளுகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"வாய் வரல."

"இத்தன வருசமா எங்கிட்ட மட்டும் வாய் வருது." முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து ராத்திரி? சோறு திங்கும்போது? அப்பவும் வாய் வரலயா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன். பிள்ளை வீட்டிலேயே இருந்தால் நல்லது என்று நினைத்தேன், அதனால்தான் பேசவில்லை என்றேன். மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் ஆடியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் மனைவி பின்னாலிருந்து, "நீ என்னடி, போயும் போயும் அந்த ஆளப் போயி அங்கிள்னு கூப்பிட்டியா?" என்று கேட்டதும் அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"அதுக்குத்தான்மா அவருக்கு ரொம்பக் கோவம் வந்துச்சு. ஹாரனுக்குக்கூட இல்லலா."

மனைவி சிரிக்கவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீர்கள் என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். காய்கறி வாங்கவில்லை. வாசலில் இறங்கும்போது சொன்னாள்:

"நாளைக்கு இவ போகட்டும். நல்லாத்தான் ஓட்டியிருக்கா. கம்பியோட ஒருத்தன் நிக்கும்போது பேசத் தெரிஞ்சிருக்கு. நீங்கதான் பக்கத்துல உக்காரக்கூடாது. உங்க கை சும்மா இருக்காது."

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு அவள் கிளம்பினாள். பின்விளக்குகள் இரண்டும் சந்து முனையில் திரும்பும்வரை நின்றேன். பிறகு மோட்டாரில் நேரத்தோடு வேலைக்குப் போனேன். எடைமேடையின் சன்னலைத் திறந்து, கணினியைப் போட்டு உட்கார்ந்தேன். ஆனால் நான் அங்கே இல்லை. அவளோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சிரம்பான் விளக்குச் சந்திகள். இப்போது பாரோய், கடைகளின் கதவு திறந்திருக்காது. இப்போது ஏற்றம். மேசைக்கு அடியில் என் கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. மரங்கள், பனி, ஆற்றைப் போல வளையும் தார். பின்னால் இரண்டு விளக்குகள் வருகின்றனவா என்று பார்க்க, இல்லாத கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். அங்கே சுவர்க் கடிகாரம் இருந்தது.

"கிராணி! தூங்குறிங்களா?"

முதல் லோரி மேடையில் நின்றுகொண்டிருந்தது. அன்று டயர்க் கணக்குச் சொல்லிச் சிரித்த அதே லோரிக்காரர். சீட்டை எழுதிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, ரோட்டுல சின்னக் காடி பின்னால வந்து ஹாரன் அடிச்சா உங்களுக்குக் கோவம் வருமா?"

"சின்னக் காடியா? மேலேருந்து பாத்தா அது தெரியவே தெரியாதுலா. கூர மட்டும் தெரியும், சவுக்காரக் கட்டி மாதிரி. ஹாரன் அடிச்சாத்தான் அங்க ஒன்னு இருக்குன்னே தெரியும்." சீட்டை வாங்கிக்கொண்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஏன், யாரும் ஏதும் பண்ணுனானா?"

"இல்ல. என் பொண்ணு இன்னிக்குத் தனியாப் போயிருக்கா. கோலா பிலாவுக்கு."

அவர் தொப்பியை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் இருந்த லோரி ஹாரன் அடித்தது. "இருடா டேய்!" என்று அந்தப் பக்கம் கத்திவிட்டு, "போய்ச் சேந்துருச்சா?" என்றார்.

அந்த நேரத்தில்தான் கைப்பேசி அதிர்ந்தது. வந்துட்டேன்ப்பா, அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் திரையை அவரிடம் காட்டினேன். எழுத்தைப் படித்தாரோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டுப் போய் ஏறினார். அன்று முழுவதும் எனக்கு எழுத்து கோணலாகத்தான் வந்தது.

பயிற்சி இன்னும் இரண்டு வாரத்தில் முடிகிறது. இத்தனை மாதத்தில் அவளை ஒட்டி வந்தவர்கள், விளக்குச் சிமிட்டியவர்கள், சன்னலை இறக்கித் திட்டியவர்கள் பற்றி அவள் சாப்பிடும்போது சொல்வாள். முன்னைப் போல மூச்சடைத்துச் சொல்வதில்லை. இன்றைக்கு மழை, இன்றைக்கு ஒரு பிக்கப் என்கிற மாதிரி. எனக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் கை சோற்றுத் தட்டிலேயே நின்றுவிடும். பள்ளத்தை நான் சரிசெய்யவில்லை. சரிசெய்யலாமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாள்.

போன வாரம் ஒரு நாள் எனக்கு விடுப்பு. கோலா பிலாவில் ஒரு காரியம் இருந்தது. மனைவியிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று அவள் பழைய சாலையில் ஏறினாள், நான் சொல்லவில்லை. பனி அன்றும் இருந்தது. பின்னால் ஒரு லோரி ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் சிக்னல் போட்டு, ஒதுங்க இடம் வரும்வரை தன் வேகத்திலேயே போய், இடம் வந்ததும் ஒதுங்கி, அதைப் போகவிட்டாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

முனியாண்டி வளைவு நெருங்கியபோது நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சூலம் பனியிலிருந்து மெதுவாக வந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள், நடக்கிற வேகத்துக்கு. ஹாரன் அடிக்கவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கும்பிட்டுக்கங்கப்பா. கைய எடுங்க, பரவால்ல."